லெயாக்ஸாவின் மக்கள்: லாக்ஸ்டன் என்ற ஊர்ப்பெயரும் அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள்களும்

ஊரும் கேள்வியும்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், ஷெர்வுட் காட்டுக்கும் டிரெண்ட் ஆற்றுக்கும் நடுவே, செங்களிமண் பூமியில் இருக்கிறது லாக்ஸ்டன். ஒரு தேவாலயம், ஒரு பப், பழைய கோட்டை நின்ற மண்மேடு, தெருவோரம் செங்கல்லால் கட்டிய பண்ணைவீடுகள் என்று சுற்றிப் பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகாது. ஆங்கிலேய நாட்டுப்புறம் பழகிய கண்ணுக்கு ஒன்று மட்டும் விநோதமாகப் படும். விவசாயிகளின் வீடுகளும் களஞ்சியங்களும் ஊருக்குள்ளேயே, தெருவுக்குப் பக்கச்சுவரைக் காட்டியபடி, நெருக்கமாக நிற்கின்றன. அந்த நாட்டில் பண்ணைவீடு தன் நிலத்தின் நடுவே தனியே நிற்பதுதான் இன்றைய பொது வழக்கம். லாக்ஸ்டன் விவசாயிக்கு 'நிலத்தின் நடு' என்று ஓரிடம் கிடையாது. அவருடைய நிலம் மூன்று பெரிய வயல்களில் கீற்றுக் கீற்றாகச் சிதறிக் கிடக்கிறது.

மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்பவை அந்த மூன்று. மொத்தம் சுமார் 480 ஏக்கர். கீற்றுகளுக்கு இடையே வேலியோ உயிர்வேலியோ இல்லை. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலத் தானியம், மூன்றாவது தரிசு என்பது பழைய சுழற்சி. இப்போது தரிசின் இடத்தைத் தீவனப் புல் பிடித்துக்கொண்டது. இடைக்கால இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் பரவியிருந்த இந்தத் திறந்தவெளி வயல் முறை, அதை நடத்தும் ஊர் நீதிமன்றத்தோடு சேர்ந்து உயிரோடு இருப்பது இந்த ஓர் ஊரில்தான். டெவன் மாவட்டத்தின் பிரான்டனிலும் லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் தீவிலும் கீற்றுகள் எஞ்சியுள்ளன, நீதிமன்றம் எஞ்சவில்லை.

ஊர்ப்பெயருக்கு அகராதி தரும் பொருள் 'லெயாக்ஸா என்பவனுடைய மக்களின் பண்ணை'. இதையும் ஊரின் வயல் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கதை தானாகவே பிறந்துவிடுகிறது. ஆங்கிலோ சாக்ஸன் காலத்தில் லெயாக்ஸா என்ற தலைவனும் அவன் கூட்டமும் இங்கே குடியேறினார்கள். நிலத்தைப் பொதுவில் பகிர்ந்து உழுதார்கள். அந்தக் கூட்டு வாழ்க்கையின் கடைசி வாரிசுகள் இன்றும் அங்கே உழுகிறார்கள் என்பது அந்தக் கதை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பெயரும் வயலும் உண்மையில் ஒரே கதையைத்தான் சொல்கின்றனவா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

பெயரின் எலும்புக்கூடு

லாக்ஸ்டனின் பெயர் நமக்குக் கிடைக்கும் முதல் பெரிய ஆவணம் 1086இன் டூம்ஸ்டே கணக்கெடுப்பு. நார்மன் எழுத்தர் அதை 'லாக்ஸின்டூனே' என்று பதிந்தார். அப்போது ஊரை வைத்திருந்தவர் ஜெஃப்ரி அல்செலின் என்ற நார்மன் பிரபு. 1066 படையெடுப்புக்கு முன்னால் அது டோக்கி என்பவரிடம் இருந்தது. டோக்கி என்பது ஸ்காண்டிநேவியப் பெயர். ஆக, எழுத்தில் முதன்முதலாக ஊர் தலைகாட்டும்போதே ஆங்கிலப் பெயர் கொண்ட இடத்தில் டேனிஷ் பெயர் கொண்ட பழைய உரிமையாளரும் பிரெஞ்சு பேசும் புதிய உரிமையாளரும் இருக்கிறார்கள். லெயாக்ஸா எங்கும் இல்லை.

பெயரை மூன்று துண்டாகப் பிரிக்கலாம். முதல் துண்டு ஆள்பெயர். நடுவில் 'இங்கா', அது 'இன்னாரின் மக்கள்' என்று பொருள்படும் 'இங்காஸ்' என்ற பழைய ஆங்கில உருபின் ஆறாம் வேற்றுமை வடிவம். கடைசியில் 'டூன்', பண்ணை அல்லது குடியிருப்பு. நடுத்துண்டு வாய்வழக்கில் தேய்ந்து போனதால் லாக்ஸ்டன் என்று சுருங்கிற்று. இந்தத் தேய்மானம் அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. மாவட்டத் தலைநகரான நாட்டிங்ஹாமே முன்பு 'ஸ்னாட்' என்பவனுடைய மக்களின் உறைவிடமாக இருந்தது. நார்மன் நாவுக்கு அந்த முதல் 'ஸ்' வசப்படாததால் அது கழன்று விழுந்தது. நகரத்தார் அதற்காக நார்மன்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் 'ஸ்னாட்' என்றால் மூக்குச்சளி. பக்கத்திலிருக்கும் ஸ்னைன்டன் மட்டும் அந்த 'ஸ்'ஸை விடாமல் வைத்திருக்கிறது.

லெயாக்ஸாவிடம் வருவோம். மொழியியலாளர்கள் இந்தப் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார்கள். எந்த ஆவணத்திலும் தனி ஆள்பெயராக இது கிடைக்கவில்லை, ஊர்ப்பெயர்களிலிருந்து ஊகித்துக் கட்டியது என்று அதற்கு அர்த்தம். நாட்டிங்ஹாம்ஷயர் லாக்ஸ்டனைத் தவிர நார்தாம்டன்ஷயரிலும் கிழக்கு யார்க்ஷயரிலும் லாக்ஸ்டன்கள் உண்டு. சஃபோக்கில் லாக்ஸ்ஃபீல்ட் இருக்கிறது. இவற்றையெல்லாம் விளக்க ஒரே ஊகப் பெயர் போதுமானதாக இருப்பது அந்த ஊகத்துக்குப் பலம். அதே நேரத்தில், ஊர்ப்பெயரை விளக்க ஆள்பெயரையும், ஆள்பெயருக்குச் சான்றாக ஊர்ப்பெயரையும் காட்டும் வட்டவாதமும் இதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் 'லெயாக்ஸ்' என்றால் சால்மன் மீன். ஆள்பெயர் அந்த மீனின் பெயரிலிருந்து பட்டப்பெயராக வந்திருக்கலாம். ஆனால் ஊரைச் சால்மன் கிடைக்கும் ஊராக ஆக்க முயல்வது வீண். டிரெண்ட் ஆறு பல மைல் கிழக்கே ஓடுகிறது. லாக்ஸ்டனில் இருப்பவை களிமண் ஓடைகள்.

அண்டை ஊர்களின் பெயர்களையும் சேர்த்துப் பார்த்தால் லாக்ஸ்டன் தனித்து நிற்காது. எக்மான்டன் என்பது எக்முண்டின் பண்ணை. ஆசிங்டனில் ஓஸ்கா என்பவனைக் காண்கிறார்கள். கிர்டன் தேவாலயத்தால் பெயர் பெற்றது, ஆலர்டன் ஆல்டர் மரங்களால். ஆள், கூட்டம், கட்டடம், மரம் என்று எது வட்டாரத்தாருக்கு அடையாளமாகப் பட்டதோ அதைச் சொல்லி 'டூன்' என்று முடித்திருக்கிறார்கள். இந்த வரிசையில் லெயாக்ஸாவின் மக்களுக்கு மட்டும் தனி மகத்துவம் கொடுக்கப் பெயரளவில் எந்தக் காரணமும் இல்லை.

'டூன்' என்பதற்கும் ஒரு பின்கதை உண்டு. அதன் வேர்ப்பொருள் வேலி. ஜெர்மன் மொழியில் 'ட்ஸவுன்' இன்றும் வேலிதான். வேலியில்லாத வயல்களால் உலகப் புகழ்பெற்ற ஊரின் பெயரில் வேலி ஒளிந்திருப்பதை வழிகாட்டிகள் ரசித்துச் சொல்லலாம். பெயர் வைத்தவர்களுக்கு அது தோன்றியிருக்காது. அவர்கள் காலத்தில் அந்தச் சொல் பண்ணை, ஊர் என்ற பொதுப்பொருளுக்கு வந்துவிட்டிருந்தது.

'மக்கள்' என்ற சொல்லின் சுமை

பெயரின் நடுத்துண்டான 'இங்கா'தான் 19ஆம் நூற்றாண்டு அறிஞர்களை மயக்கியது. ஜான் மிச்செல் கெம்பிள் 1849இல் வெளியிட்ட 'இங்கிலாந்தில் சாக்ஸன்கள்' என்ற நூலில் இத்தகைய பெயர்களைத் திரட்டி, இவை ஜெர்மானியக் குலங்கள் வந்திறங்கிய முதல் குடியேற்றங்கள் என்றார். ஒவ்வொரு குலமும் நிலத்தைப் பொதுவில் வைத்திருந்தது, அந்தப் பொதுநிலமே 'மார்க்' என்பது அவர் சித்தாந்தம். சுதந்திரமான உழவர்களின் சமூகம்தான் ஆங்கில அரசியலின் விதை என்ற பெருமித உணர்வுக்கு அது நன்றாகத் தீனி போட்டது.

இங்கேதான் இந்தியா கதைக்குள் நுழைகிறது. 1862 முதல் 1869 வரை கல்கத்தாவில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் சட்ட உறுப்பினராக இருந்த ஹென்றி மெய்ன், ஊர் திரும்பி 1871இல் 'கிழக்கிலும் மேற்கிலும் கிராம சமூகங்கள்' என்ற நூலை வெளியிட்டார். ஐரோப்பாவில் செத்துப்போன ஜெர்மானிய மார்க் இந்தியக் கிராமத்தில் இன்னும் மூச்சுவிடுகிறது என்பது அதன் சாரம். இந்தியக் கிராமங்கள் ஒவ்வொன்றும் தனிக் குட்டிக் குடியரசு என்று 1830லேயே சார்லஸ் மெட்கஃப் எழுதிவைத்திருந்தது இந்த வாதத்துக்குக் கைகொடுத்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: ஆங்கிலேய ஊரின் கற்பனைப் பழமைக்கு இந்தியக் கிராமம் சாட்சியாக நிறுத்தப்பட்டது, இந்தியக் கிராமம் மாறாதது என்ற கருத்துக்கு ஆங்கிலேய ஊரின் அதே கற்பனைப் பழமை சாட்சியானது. இரண்டு கதைகளும் ஒன்றுக்கொன்று ஜாமீன் போட்டுக்கொண்டன. பேடன் பவல் 1896இல் தம் இந்தியக் கிராமச் சமூக ஆய்வின் வழியாக மெய்னின் பொதுவுடைமைச் சித்திரத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். ஆனால் 'தொன்றுதொட்டு மாறாத கிராமம்' என்ற சொற்கட்டு இரண்டு நாடுகளிலும் அதற்குள் வேரூன்றிவிட்டது.

ஊர்ப்பெயர் ஆய்வு கெம்பிளை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. ஜான் டாட்ஜ்சன் 1966இல் தென்கிழக்கு இங்கிலாந்தின் 'இங்காஸ்' பெயர்களை, கிறிஸ்தவத்துக்கு முந்தைய சாக்ஸன் புதைகுழிகளின் வரைபடத்தோடு ஒப்பிட்டார். முதல் குடியேற்றங்கள் என்றால் இரண்டும் ஒரே இடங்களில் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை. அப்படியானால் இப்பெயர்கள் முதல் அலையைச் சேர்ந்தவையல்ல, நிலம் விரிந்துகொண்டே போன பிந்தைய கட்டத்தைச் சேர்ந்தவை. மார்கரெட் ஜெல்லிங் போன்றவர்கள் இந்த மாற்றத்தைப் பொது வாசகரிடம் கொண்டுசேர்த்தார்கள்.

டாட்ஜ்சன் ஆராய்ந்தது தென்கிழக்கை. அதை அப்படியே நாட்டிங்ஹாம்ஷயருக்கு நீட்டுவது முறையல்ல. ஆனாலும் ஒரு விளைவு மறுக்க முடியாதது. 'இங்கா' என்ற அசையைக் கண்டதும் ஆதிக்குலம் ஒன்றைக் காணும் உரிமை யாருக்கும் இல்லை. ஒரு பண்ணையாரின் ஆட்கள், ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள், வரி கட்டும் ஒரு தொகுதி என்று அந்த 'மக்கள்' யாராக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

வயலின் வயது

பெயருக்கு ஒரு வயது, வயலுக்கு ஒரு வயது. இரண்டையும் குழப்பியதுதான் மேற்சொன்ன அழகான கதையின் அடிப்படைப் பிழை.

திறந்தவெளி வயல் முறையின் தோற்றம் பற்றிய சர்ச்சை நீளமானது. ஃபிரெடரிக் சீபோம் 1883இல் அதற்கு ரோமானியப் பண்ணைகளில் வேர் தேடினார். ஹோவர்ட் கிரே 1915இல் அதை ஆங்கிலோ சாக்ஸன் குடியேறிகள் கொண்டுவந்த சரக்காகக் கண்டார். 1938இல் சி. எஸ். ஆர்வினும் அவர் மனைவியும் எழுதிய 'திறந்தவெளி வயல்கள்' இந்தப் போக்கைக் கலைத்தது. ஆர்வின் ஆக்ஸ்ஃபோர்டில் வேளாண் பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். ஏர் பிடிப்பது என்றால் என்னவென்று தெரிந்தவர். கனமான ஏரை ஒரு குடும்பம் தனியாக இழுக்க முடியாது, பல வீட்டு எருதுகள் சேர வேண்டும், ஒரு நாளில் எவ்வளவு உழ முடியுமோ அதுவே கீற்றின் அளவு என்று அவர்கள் வாதிட்டார்கள். குலமரபைக் காரணம் காட்டாமல் மண்ணிலிருந்தும் மாட்டிலிருந்தும் விளக்கம் சொன்னதே அந்நூலின் பலம். அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஊர் லாக்ஸ்டன். அந்த ஊரின் இன்றைய புகழில் பாதி இந்தப் புத்தகம் கொடுத்தது என்றே சொல்லலாம்.

1964இல் ஜோன் தர்ஸ்க் இன்னும் ஒரு படி மேலே போனார். கீற்றுகள், பொது மேய்ச்சல், தரிசுச் சுழற்சி, ஊர் கூடி விதி செய்வது ஆகிய நான்கும் ஒரே நாளில் பிறந்தவையல்ல. மக்கள்தொகை பெருகி நிலம் நெருக்கடியான இடைக்காலத்தில்தான் அவை ஒரே அமைப்பாகக் கூடின என்றார். பிறகு நார்தாம்டன்ஷயரில் டேவிட் ஹால் நடந்து நடந்து செய்த கள ஆய்வுகள் மண்ணிலிருந்தே ஒரு சான்றைக் கொண்டுவந்தன. இடைக்காலக் கீற்றுகளுக்கு அடியில் சாக்ஸன் காலத்து ஓட்டாஞ்சில்லுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கின்றன. ஆதிக்குடிகள் சிறு சிறு பண்ணைகளாகப் பரந்து வாழ்ந்தார்கள், பிறகு அந்த இடங்களைக் கைவிட்டு ஒரே ஊராக நெருங்கினார்கள், அவர்கள் விட்டுப்போன மனைகளின்மேல் பொதுவயல் விரிந்தது என்று இதைப் படிக்க வேண்டும்.

லாக்ஸ்டனுக்கு இதன் பொருள் நேரடியானது. லெயாக்ஸாவின் மக்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், இன்றைக்கு நாம் பார்க்கும் மூன்று வயல் முறையை அவர்கள் அறிந்திருக்கத் தேவையில்லை. பெயரிலுள்ள 'கூட்டம்' வேறு, வயலிலுள்ள 'கூட்டு' வேறு.

வயலில் புழங்கும் சொற்களும் இதற்குப் பக்கத்துணை. ஊருக்குள் மனைக்கட்டும் அதற்குரிய உரிமையும் 'டாஃப்ட்' எனப்படுகிறது. அது ஸ்காண்டிநேவியச் சொல். உழாமல் விட்ட ஈரமான புல்வெளிப் பட்டைகளை 'சைக்' என்கிறார்கள். அது ஆங்கிலமா நார்ஸா என்று பிரித்துச் சொல்வது கடினம். டேனியர்கள் 877இல் மெர்சியாவைப் பங்கிட்டு, நாட்டிங்ஹாமைத் தங்கள் ஐந்து கோட்டை நகரங்களில் ஒன்றாக்கினார்கள். ஊர்ப்பெயர் ஆங்கிலமாகவே நின்றுவிட்டது; நிலத்தைப் பிரித்துக் கொடுத்த காலத்துச் சொற்களில் டேனிஷ் வாடை அடிக்கிறது. நிலவுரிமையின் வரலாற்றைத் தேடுகிறவர் லெயாக்ஸாவைவிட இந்த டாஃப்டைத் துருவுவது பயனுள்ளது.

லெக்சிங்டன்: கடல் தாண்டிய பெயர்

இடைக்கால ஆவணங்களில் ஊர் 'லெக்சின்டன்' என்றும் வரும். அந்த வடிவத்தைக் குடும்பப் பெயராகச் சுமந்து வெளியே போனார்கள் சிலர். 13ஆம் நூற்றாண்டில் ராபர்ட் த லெக்சின்டன் அரசரின் மூத்த நீதிபதிகளில் ஒருவர், 1250இல் இறந்தார். அவர் சகோதரர் ஹென்றி 1250களில் லிங்கன் பேராயத்தின் ஆயர். இன்னொரு சகோதரர் ஜான் அரசவை அதிகாரி. 1255இல் லிங்கனில் ஹியூ என்ற சிறுவனின் சடலம் கிணற்றில் கிடைத்தபோது, கோப்பின் என்ற யூதரிடமிருந்து 'வாக்குமூலம்' வாங்கியவர் இந்த ஜான்தான். யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைப் பலியிடுகிறார்கள் என்ற பொய்க்கு அரசே முத்திரை குத்திய வழக்கு அது. கோப்பினோடு சேர்த்து 19 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஊரைப் பற்றிய சுற்றுலாக் கையேடுகளுக்கு உவப்பான செய்தியல்ல. ஆனால் ஊர்ப்பெயர் ஆங்கில வரலாற்றில் அழுத்தமாகப் பதிந்த முதல் இடங்களில் அதுவும் ஒன்று.

அந்தக் குடும்பத்தின் சொத்து சட்டன் குடும்பத்துக்கு வந்தது. 1645இல் ராபர்ட் சட்டன் 'லெக்சின்டன் பிரபு' ஆனார். அவருடைய மகன், இரண்டாம் பிரபு, வியன்னாவிலும் பிறகு மாட்ரிட்டிலும் ஆங்கிலத் தூதராக இருந்தவர். அவர் மாட்ரிட்டில் இருந்த அந்த ஆண்டுகளில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 'கேம்பிரிட்ஜ் ஃபார்ம்ஸ்' என்ற விவசாயப் பகுதி தனி ஊராகப் பிரிந்தது. ஆண்டு 1713. புதிய ஊருக்கு வைத்த பெயர் லெக்சிங்டன்.

பெயர் பிரபுவின் நினைவாக வந்ததா, நாட்டிங்ஹாம்ஷயர் ஊரின் நினைவாக வந்ததா என்று இரண்டு கட்சிகள் உண்டு. அந்த ஊரின் வரலாற்றை 1868இல் எழுதிய சார்ல்ஸ் ஹட்சன் பிரபுவின் பக்கம் நின்றார். பிரபுவின் தூதரகப் புகழ் உச்சத்தில் இருந்த காலம் அவர் கட்சிக்குச் சாதகம். எதிர்க்கட்சியின் வாதம், ஊருக்கே லெக்சிங்டன் என்ற மறுபெயர் இருந்ததே என்பது. தராசு கொஞ்சம் பிரபுவின் பக்கமே சாய்வதாகத் தோன்றுகிறது. உலகறிந்த ஒரு பிரபுவை விட்டுவிட்டு யாரும் அறியாத ஓர் ஊரைத் தேடிப்பிடித்துக் காலனியில் பெயர் வைத்திருப்பார்கள் என்பதற்கு வலுவான காரணம் வேண்டும். எந்தக் கட்சி வென்றாலும் வேர் ஒன்றுதான்: பிரபுவின் பட்டமே இந்த ஊரிலிருந்து போனது.

அதன்பின் பெயருக்குத் தனி வாழ்க்கை. 1775 ஏப்ரல் 19 விடியலில் லெக்சிங்டன் புல்வெளியில் பிரிட்டிஷ் துருப்புகள் சுட்டதில் எட்டு ஊர்ப்படையினர் இறந்தார்கள். அமெரிக்கப் புரட்சி தொடங்கியது. செய்தி காட்டுக்குள் போய்ச் சேர்ந்தபோது கென்டக்கியில் முகாமிட்டிருந்தவர்கள் தங்கள் இடத்துக்கு அதே பெயரைச் சூட்டினார்கள். இன்று அது பெரிய நகரம். நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவும், 1942இல் பவளக் கடல் போரில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பலும் அந்தப் போரின் பெயரைச் சுமந்தவை. இந்தப் பெயர்களைச் சூட்டியவர்களில் யாருக்கும் 'லெயாக்ஸாவின் மக்கள்' என்ற பொருள் தேவைப்படவில்லை. பெயர் பயணம் செய்வதற்குப் பொருளைக் கழற்றிவிட்டுப் போவது சுலபம்.

இதற்கு நேர்மாறாக, இங்கிலாந்துத் தோட்டக்காரருக்கு லாக்ஸ்டன் என்றால் ஆப்பிள். 'லாக்ஸ்டன்ஸ் சூப்பர்ப்' ரகத்தை உருவாக்கியது பெட்ஃபோர்டின் லாக்ஸ்டன் சகோதரர்கள் நாற்றங்கால். குடும்பத்தின் மூத்தவரான தாமஸ் லாக்ஸ்டன் பட்டாணிக் கலப்பினங்கள் குறித்து டார்வினுக்குத் தகவல் தந்தவர். அவர்கள் பெயருக்கு மூலம் நார்தாம்டன்ஷயர் லாக்ஸ்டனாகவும் இருக்கலாம். ஆப்பிளை நம் ஊருக்குச் சேர்த்துக்கொள்ள அவசரப்பட வேண்டியதில்லை.

1635: தோலில் வரைந்த ஊர்

ஊரின் உண்மையான பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது லெயாக்ஸாவல்ல, மார்க் பியர்ஸ். 1635இல் இந்த நில அளவையாளர் ஒன்பது தோல் தாள்களில் லாக்ஸ்டனை வரைந்தார். ஒவ்வொரு கீற்றும் அதில் இருக்கிறது. கூடவே எந்தக் கீற்று யாரிடம், எவ்வளவு பரப்பு என்ற பதிவேடும். ஓரங்களில் ஏர் பூட்டி உழுகிறார்கள், அறுவடை நடக்கிறது, மாடுகள் மேய்கின்றன, மான்வேட்டை ஓடுகிறது. படம் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில். ஆர்வின் தம்பதியின் நூல் இந்த வரைபடத்தின்மேல்தான் கட்டப்பட்டது.

படத்தை வரையச் சொன்னவர் சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வணிகர். குடியானவர்களின் கூட்டு வாழ்க்கையைப் பதிந்துவைக்கும் ஆசையெல்லாம் அவருக்கில்லை. பக்கிங்ஹாம் கோமகனிடமிருந்து வாங்கிய சொத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு குத்தகை வரும் என்பது தெரிய வேண்டியிருந்தது. அதே 1635இன் கடைசியில் கோர்ட்டன் கூட்டமைப்புக்கு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறிக் கிழக்கே வணிகம் செய்ய முதலாம் சார்ல்ஸ் அனுமதி கொடுத்தார். அடுத்த ஆண்டு ஜான் வெடலின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டு கோவா, பட்கல், கான்டன் என்று போயின. கோர்ட்டன் 1636இலேயே இறந்தார். அவர் குடும்பம் அந்த வணிகத்தில் நொடித்தது. லாக்ஸ்டன் பியர்பாயிண்ட் குடும்பத்துக்குக் கைமாறியது. பிற்காலத்தில் மான்வர்ஸ் பிரபுக்கள் என்று அறியப்பட்டவர்கள் அவர்களே. 'காலத்தில் உறைந்த கிராமம்' என்ற படிமத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வரைபடமே, இந்தியாவின் மேற்குக் கரைக்கு மிளகு தேடிக் கப்பல் அனுப்பிய பணத்தில் பிறந்தது.

ஏன் வேலி வரவில்லை?

1604க்கும் 1914க்கும் இடையே 5,200க்கும் மேற்பட்ட நாடாளுமன்றச் சட்டங்கள் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை வேலிக்குள் அடைத்தன. லாக்ஸ்டன் தப்பியது எப்படி? ஊரார் எதிர்த்து நின்றதால் என்று சொல்ல ஆசைதான். ஜான் பெக்கெட் 1989இல் எழுதிய விரிவான ஊர் வரலாறு அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. மான்வர்ஸ், ஸ்கார்ப்ரோ என்ற இரு பெரும் நிலக்கிழார்களுக்கும் இங்கே நிலம் இருந்தது. வேலியடைக்கும் எண்ணம் பலமுறை எழுந்தது, இருவரும் உடன்படவில்லை. ஓரங்களில் சில நிலங்கள் அடைபட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விலை சரிந்தபின் வேலிக்குச் செலவழிப்பதே வீண் என்றாயிற்று. பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததெல்லாம் பாதுகாக்கப்பட்ட பிறகுதான். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மான்வர்ஸ் பண்ணை நிர்வாகம் சின்னக் கீற்றுகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கியதையும் இங்கே சொல்ல வேண்டும். இன்றைய கீற்றுகள் 1635இன் கீற்றுகளல்ல.

ஜூரி நாள்

கூட்டு என்று ஏதாவது இந்த ஊரில் இருக்குமானால் அதைப் பெயரில் தேடாமல் நவம்பர் கடைசியில் வயலில் தேட வேண்டும். அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்கு மட்டும் ஜூரர்கள் கிளம்புகிறார்கள். எல்லோரும் விவசாயிகள். ரப்பர் பூட்ஸ், கையில் சம்மட்டி, டிராக்டர் இழுவையில் மரமுளைகள். கீற்றின் ஒரு முனையில் ஒருவர் நிற்க, எதிர்முனையைப் பார்த்துக் கோடு நேராக இருக்கிறதா என்று கண்ணால் அளக்கிறார்கள். பொதுப்பாதைக்குள்ளோ சைக்குக்குள்ளோ யாருடைய கலப்பையாவது எட்டிப் போயிருந்தால் குறித்துக்கொள்வார்கள். காணாமல் போன முளைக்குப் புது முளை அடிப்பார்கள். வாய்க்கால் தூர்ந்திருந்தால் அதுவும் குறிப்பேட்டில் ஏறும். தப்பு செய்தவர் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே நின்று சம்மட்டி பிடித்துக்கொண்டிருப்பார். இதில் ஒளிவுமறைவு இல்லை.

ஒரு வாரம் கழித்து டவ்கோட் பப்பில் 'கோர்ட் லீட்' என்ற ஊர் நீதிமன்றம் கூடுகிறது. பண்ணை உரிமையாளரின் சார்பில் ஒரு வழக்கறிஞர் ஸ்டூவர்டாக உட்கார்ந்து பெயர் கூப்பிடுவார். எல்லை தாண்டிப் போன உழவுக்குச் சில பவுண்டு அபராதம் விழும். அடுத்த ஆண்டு வயலுக்கு அடுத்த ஜூரி பதவியேற்கும். அபராதத் தொகை யாரையும் ஏழையாக்காது. பக்கத்துக் கீற்றுக்காரர் முன்னால் பெயர் வாசிக்கப்படுவதுதான் கனம்.

இது ஜனநாயகத்தின் ஆதிவடிவம் என்று கெம்பிள் சொல்லியிருப்பார். கொஞ்சம் நிதானித்தால் இது பண்ணையாரின் நீதிமன்றம், பண்ணையாரின் பெயரால் நடப்பது, குத்தகைதாரர்கள் ஒருவரையொருவர் கண்காணிக்க ஏற்பட்ட ஏற்பாடு என்பது தெரியும். ஊர்க்காரர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தும்.

சட்டத்தில் ஏறிய பெயர்

1952இல் மான்வர்ஸ் பிரபு ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். வயல் முறையைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். 1981இல் அது அமைச்சகத்திடமிருந்து கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2018இல் கிரவுன் எஸ்டேட்டும் விற்க முடிவெடுத்தது. 2020இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது பழைய பியர்பாயிண்ட் குடும்பத்தின் பண்ணை. அரசு கைவிட்டதும் வயல்கள் துண்டாடப்படும் என்று அஞ்சியவர்களுக்கு இது ஆறுதல். ஆனால் 68 ஆண்டுகள் பொதுச் சொத்தாக இருந்தது மீண்டும் தனியார் சொத்தானது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்தக் கைமாற்றங்களுக்கு நடுவே, 1977இல், நாடாளுமன்றம் நீதி நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றி நாடெங்கும் எஞ்சியிருந்த பழைய ஊர் நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பறித்தது. அவை சடங்குக்காகக் கூடலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: லாக்ஸ்டன் பண்ணையின் கோர்ட் லீட். பொதுவயல் அங்கே உண்மையிலேயே உழப்படுவதால், கலப்பை எல்லை தாண்டினால் கேட்க ஒரு மன்றம் வேண்டியிருந்தது. ஆகவே லாக்ஸ்டன் என்ற பெயருக்கு இன்று சட்டப்படி ஒரு பொருள் உண்டு. தன் வயலில் தானே அபராதம் விதிக்க உரிமை பெற்ற ஒரே பண்ணை என்பது அந்தப் பொருள். அதைக் கொடுத்தது 1977ஆம் ஆண்டுச் சட்டம்; லெயாக்ஸாவுக்கு அதில் பங்கில்லை.